கேட் செய்யக் கொடுக்கிறீர்களா? தகட்டின் கனத்தை எழுதி வாங்குங்கள்

வெல்டிங் பட்டறைகளில் இரும்புக் கேட்டுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில் விலை பேசுவார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் கூடுதல் கவனம் தேவை. தகடு மெலிந்தால் லாபம் உங்களுக்கில்லை. மதிப்பீட்டுச் சீட்டில் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். கனத்தைக் குறிக்கும் 'கேஜ்' எண்ணை மட்டும் எழுதினால் குழப்பம்தான். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதே பலருக்குத் தெரியாது.

சரிபார்ப்பது சுலபம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். எட்டுக்கு நாலு அடித் தகடு, 1.2 மி.மீ. கனம் என்றால், ஏறத்தாழ 28 கிலோ வர வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பட்டி பார்த்து ரெட் ஆக்சைடு பூசிவிட்டால், அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் பற்றவைத்த மூட்டும் முழு வெல்டிங்கும் ஒன்றுபோலவே தெரியும். கீல் பொருத்தும் இடத்திலாவது முழு வெல்டிங் கேளுங்கள். பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

மாடிப்படிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி என்றால் காந்தச் சோதனையை நம்பாதீர்கள். 304, 202 என்ற இரண்டு ஸ்டீல் ரகங்களுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. விலை குறைந்த 202 கடலோர ஊர்களில் சீக்கிரமே துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.