பழைய பலகையும் உடைந்த டைல்ஸும் கொண்டு பொது இடத்துக்கான கலை இருக்கை செய்யும் முறை

பொது இடத்து இருக்கை கண்ணுக்கு அழகாக இருப்பதற்கு முன்பு, முழங்கால் வலியுள்ள முதியவரும் அச்சமின்றி உட்கார்ந்து எழக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே பொருளின் பாதுகாப்பையும் அளவுகளையும் முதலில் உறுதிசெய்துகொண்டு, அலங்காரத்தைக் கடைசியில் செய்வோம். இங்கே விளக்கப்படுவது, இடித்த கட்டடத்தில் கிடைத்த இரண்டு கான்கிரீட் கட்டைகளின் மேல் பழைய பலகைகளைப் பொருத்திச் செய்யும் எளிய பெஞ்சு. இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. பழைய ரயில்பாதை ஸ்லீப்பர் கட்டைகள் உறுதியானவை என்றாலும், அவற்றில் பெரும்பாலும் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால், தோல் படும் இருக்கைக்கு அவற்றைத் தொடவே வேண்டாம். சரக்கு அடுக்கப் பயன்படும் பலகைத் தட்டுகளை (பாலெட்) பிரித்துப் பயன்படுத்துவதாக இருந்தால் அவற்றின் முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ (HT) என்பது வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறிக்கும், ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றியது, ஒதுக்கிவிடுங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அத்தகைய பலகையை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

தேர்ந்த பலகைகளிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, இழைத்து, விளிம்புகளை உருட்டி, உப்புத்தாளால் தேயுங்கள். ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் என்று கொண்டால், 180 செ.மீ. நீளத்தில் மூவர் உட்காரலாம். ஆழம் 40 முதல் 45 செ.மீ., தரையிலிருந்து உயரம் சுமார் 45 செ.மீ. இருக்கட்டும்.

தரையைத் தோண்டிச் சரளை இட்டு இறுகத் திமிசு போட்டு, கட்டைகளை ரசமட்டம் பார்த்து நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி போதும். பலகை 4 செ.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது. பலகைகளுக்கிடையே 6 மி.மீ. சந்து விட்டால் மழைநீர் வடியும், குழந்தைகளின் விரலும் சிக்காது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால் இறுக்கி, தலைகளை மரமட்டத்துக்குக் கீழே அமிழ்த்துங்கள். ஆணியடிப்பதைவிட இது மேல். பழுதான பலகையைப் பின்னாளில் தனியே கழற்றி மாற்றலாம்.

இப்போது அலங்காரம். 1900 முதல் 1914 வரை கட்டப்பட்ட பார்சிலோனாவின் குவெல் பூங்காவில், கட்டடக் கலைஞர்களான கவுதியும் ஜூஜோலும் நெளிந்தோடும் நீண்ட இருக்கையை உடைந்த ஓட்டுச் சில்லுகளாலேயே போர்த்தினார்கள் என்பது தொடக்கநிலையினருக்கு நல்ல ஊக்கம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, டைல்ஸைச் சாக்குக்குள் வைத்து உடையுங்கள். கூர்முனைகளைச் சாணைக்கல்லில் மழுக்குங்கள். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான டைல் பசையால் கட்டைகளின் பக்கங்களில் மட்டும் பதியுங்கள். மறுநாள் சந்துகளைக் காரையால் நிரப்பி, ஈரத்துணியால் துடையுங்கள். சில்லுகளை முதலில் தரையில் பரப்பி வண்ணங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

இறுதியாக மெல்லிய துணியைப் பலகைமேல் இழுத்து, சிலாம்பு தட்டும் இடங்களை மீண்டும் தேயுங்கள். மூன்று பெரியவர்களை உட்காரவைத்து அசைவு இருக்கிறதா என்று சோதித்து, ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணி தானே தீப்பற்றக்கூடியது. அதைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள்.