வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப்: கணக்குப் போடுவது முதல் ஓட்டுவது வரை

ஹீட் பம்ப் ஓட ஆரம்பித்ததும் பலரும் முதலில் செய்வது, குளத்துக்குத் திரும்பும் குழாயைத் தொட்டுப் பார்ப்பது. சூடு தெரியாது. உடனே மெஷின் ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். மெஷின் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் ஒன்று முதல் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும். அதைக் கை உணராது, தெர்மாமீட்டர்தான் சொல்லும்.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டு ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துக் குளத்துத் தண்ணீரில் தள்ளுகிறது. பாகங்களும் கிட்டத்தட்ட அதேதான். மெல்லிய அலுமினியத் தகடுகள் செருகிய காயில் (வளைந்து வளைந்து போகும் குழாய்) வழியாக விசிறி காற்றை இழுக்கும். காயிலுக்குள் ஓடும் கேஸ் (புதிய மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32, சற்றுப் பழையவற்றில் ஆர்-410ஏ) காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகும். கம்ப்ரஸர் அதை அழுத்த, நன்றாகச் சூடேறும். சூடேறிய கேஸ் டைட்டானியம் சுருளுக்குள் போகும். சுருளைச் சுற்றிக் குளத்துத் தண்ணீர் ஓடும். வெப்பத்தைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டுத் திரவமான கேஸ், விரிவு வால்வில் அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மறுபடி காயிலுக்கு வரும்.

கரண்ட் செலவாவது முக்கியமாகக் கம்ப்ரஸருக்கும் கொஞ்சம் விசிறிக்கும். ஆகவே 1 யூனிட் கரண்டுக்கு, காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, 4 முதல் 6 யூனிட் வெப்பம் கிடைக்கும். இந்த விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்கிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண், காற்று 26 அல்லது 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும்போது கிடைப்பது. குளத்தைச் சூடேற்ற வேண்டியிருப்பதோ பெரும்பாலும் குளிர்காலத்தில். வாங்கும்போது 15 டிகிரிக் காற்றில் என்ன எண் என்று கேளுங்கள். இரண்டு மெஷின்களை ஒப்பிட அதுவே நேர்மையான அளவுகோல்.

படி 1: குளத்தின் கணக்கு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். 8 × 4 × 1.4 என்றால் சுமார் 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். 18 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குக் கொண்டுபோக, 45 × 1.16 × 10, சுமார் 520 யூனிட் வெப்பம். 12 கிலோவாட் வெப்பம், அதாவது மணிக்கு 12 யூனிட் தரும் மெஷின் இதைச் செய்ய 43 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதுவும் வெப்பம் துளிகூட வெளியே போகவில்லை என்றால். சி.ஓ.பி. 5 கிடைத்தால் கரண்ட் செலவு 105 யூனிட் அளவில் நிற்கும்.

இதிலிருந்து தெரிவது, ஹீட் பம்ப் அவசரத்துக்கு உதவாது. சனிக்கிழமை குளிக்க வெள்ளிக்கிழமை மாலை போட்டால் நடக்காது. சீசன் தொடங்கும்போது ஒரு தடவை ஏற்றிவிட்டு, பிறகு தினமும் குறைவதை மட்டும் ஈடுகட்டுவதுதான் இதன் வழி.

படி 2: மெஷினுக்கு முன் மூடி விரிப்பு

குளம் வெப்பத்தை அதிகமாக இழப்பது தரை வழியாகவோ சுவர் வழியாகவோ அல்ல, மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாவதால். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் வெப்பம் அதோடு போகும். மேலே சொன்ன குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர்; வெப்பக் கணக்கில் 107 யூனிட். குளம் முழுவதும் 2 டிகிரி குளிர அது போதும். அந்த 2 டிகிரியை மீட்க 12 கிலோவாட் மெஷின் 9 மணி நேரம் ஓட வேண்டும்.

பெரிய மெஷின் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை விரிப்புக்கு ஒதுக்குங்கள் என்பதே எங்கள் கருத்து. குமிழ் விரிப்பு என்றால் குமிழ் உள்ள பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். தலைகீழாகப் போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். குளோரின் அதிகமாகக் கொட்டிய நாளில் மூடாதீர்கள்; விரிப்பு சீக்கிரம் நொறுங்கும். இது குழந்தைகளுக்கான பாதுகாப்பு மூடியும் அல்ல. குளத்தில் யாராவது இறங்கும் முன் முழுவதும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். பாதி திறந்து வைப்பது ஆபத்து.

படி 3: இடம்

திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். விசிறிக்கு முன்னால் குறைந்தது 2.5 மீட்டர், காயில் பக்கம் 50 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும். சத்தம் கேட்கிறதென்று மூடிய ஷெட்டுக்குள் வைத்தால், விசிறி தள்ளும் குளிர்காற்றையே காயில் திரும்ப இழுக்கும். காற்றில் வெப்பம் குறையக் குறைய மெஷின் அதிகம் உழைத்துக் குறைவாகத் தரும். அடியில் மட்டமான கான்கிரீட் மேடை, அதன்மேல் ரப்பர் கட்டை. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தால், நிமிர்த்தி 24 மணி நேரம் விட்ட பிறகே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கம்ப்ரஸரின் எண்ணெய் இடம் மாறிய நிலையில் ஓடும்.

படி 4: குழாய் வரிசை

வரிசை இதுதான்: பம்ப், ஃபில்டர், ஹீட் பம்ப், அதற்குப் பிறகு குளோரின் கருவி, பிறகு குளம். ஹீட் பம்புக்கு முன்னால் குளோரின் கருவியை வைத்தால் அடர்த்தியான குளோரின் நேராகச் சுருள் இருக்கும் கூட்டுக்குள் போகும். டைட்டானியம் தாங்கினாலும் உள்ளே உள்ள ரப்பர் வளையங்களும் சென்சாரும் தாங்காது. குளோரின் மாத்திரைக் கருவியாக இருந்தால் இடையில் ஒரு வழி வால்வு போடுங்கள். பம்ப் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி வராது.

ஹீட் பம்புக்கு நேராகக் குழாய் கொடுத்து நிறுத்திவிடாமல், மூன்று வால்வுள்ள பைபாஸ் அமையுங்கள்: உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, இரண்டுக்கும் குறுக்கே ஒன்று. மெஷினைக் கழற்றிப் பழுது பார்க்கும்போதும் குளத்து ஃபில்டர் ஓடும். மெஷின் பக்கம் யூனியன் (திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு) போட்டால் கழற்றக் குழாயை அறுக்க வேண்டாம். 12 கிலோவாட் மெஷினுக்கு மணிக்கு 5 கன மீட்டர் தண்ணீர் ஓடினால் வித்தியாசம் சுமார் 2 டிகிரி வரும். சரியான ஓட்டம் எவ்வளவு என்று மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும்.

படி 5: கரண்ட்

தனி லைன், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), சரியான எர்த். 12 கிலோவாட் என்பது வெப்பம், சி.ஓ.பி. 5 இருக்கும்போது இழுக்கும் கரண்ட் 2.4 கிலோவாட், 230 வோல்ட்டில் 10, 11 ஆம்பியர். ஆனால் கேபிளையும் எம்.சி.பி.யையும் அந்த எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெஷின் தகட்டில் எழுதிய அதிகபட்ச ஆம்பியரைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டுவது கூடவே கூடாது. தண்ணீர்ப் பக்கத்து வேலை என்பதால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். குறுக்கு வால்வைப் பாதி மூடி, மற்ற இரண்டையும் முழுதும் திறந்து, ஃபில்டர் பம்பைப் போடுங்கள். குழாயில் காற்று வெளியேறட்டும். அப்புறம் ஹீட் பம்ப். ஸ்விட்ச் போட்டதும் கம்ப்ரஸர் ஓடாது. சில நிமிடத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது.

20 நிமிடம் ஓடிய பிறகு உள்ளே, வெளியே இரண்டு அளவையும் பாருங்கள். வித்தியாசம் 2 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீர் போதவில்லை. குறுக்கு வால்வை இன்னும் மூடுங்கள். 1 டிகிரிக்கும் கீழே என்றால் ஓட்டம் அதிகம், கொஞ்சம் திறங்கள். சரியானதும் வால்வு கைப்பிடியில் மார்க்கர் கோடு போட்டு வையுங்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாமல் போகிறது. ஃபில்டர் பம்ப் ஓடினால்தான் ஹீட் பம்ப் ஓடும். டைமரில் 6 மணி நேரம் வைத்துவிட்டுக் குளம் சூடாகவில்லை என்றால் குற்றம் டைமருடையது. முதல் தடவை ஏற்றும்போது இரவு பகலாக ஓடட்டும். பிறகு காற்று வெப்பமாக இருக்கும் பகல் நேரத்துக்கு மாற்றுங்கள். நீந்த 26 முதல் 28 டிகிரி போதும்.

எங்கே தகராறு வரும்

மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பயப்படாதீர்கள். காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து வழிவது அது. ஈரமான நாளில் மணிக்குச் சில லிட்டர்கூட வரும். கசிவா என்று சந்தேகமிருந்தால் ஹீட் பம்பை நிறுத்திவிட்டு, ஃபில்டர் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். சில மணி நேரத்தில் சொட்டு நின்றால் கசிவில்லை. வழிகிற நீரில் குளோரின் சோதனைப் பட்டையை நனைத்தும் பார்க்கலாம். குளோரின் காட்டினால் குளத்துத் தண்ணீர் கசிகிறது.

நீர் ஓட்டம் இல்லை என்று பிழை காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது அழுக்கு ஃபில்டர். அடுத்து ஸ்கிம்மருக்கு (குளத்தின் மேல்மட்ட நீரை உறிஞ்சும் வாய்) கீழே இறங்கிய நீர்மட்டம், யாரோ திருப்பிவிட்ட வால்வு. உயர் அழுத்தப் பிழைக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். குறைந்த அழுத்தப் பிழை வந்தால் காயிலில் இலை, தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம்; பிரஷர் வாஷர் பிடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றே போகாது. சுத்தமாக இருந்தும் பிழை வந்தால் கேஸ் கசிந்திருக்கலாம். கேஸ் ஓட ஓடத் தீரும் பொருள் அல்ல. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

காற்று 10 டிகிரிக்குக் கீழே போகும்போது காயிலில் வெண்பனி படியும். விசிறி நின்று, ஆவி பறந்து, மெஷின் தானே உருக்கிக்கொள்ளும். உருகாமல் பனிக்கட்டியாக இறுகினால்தான் பழுது.

தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு படிந்து சுருள் வெப்பம் கடத்தாது. தண்ணீர் உறையும் இடமானால் குளிர்காலத்துக்கு முன் கரண்டைத் துண்டித்து, யூனியனைக் கழற்றி, மெஷினில் தங்கிய தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். உள்ளே உறையும் பனி விரிந்து சுருள் இருக்கும் கூட்டைப் பிளந்துவிடும். அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.