பழைய பெட்ரோல் டிராக்டரில் தீப்பொறி வரவில்லையா? காயில் வாங்கும் முன் ஆம்மீட்டர் முள்ளைப் பாருங்கள்

பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் நிற்கும் பெர்குசன் டி.இ.20, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரான வரிசையைச் சேர்ந்த 12 வோல்ட் பெட்ரோல் வண்டி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில்தான் நிற்கிறது என்பதால், ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் அதற்கு இக்னிஷன் கோளாறு வருவது வழக்கமாகிவிட்டது. சென்ற முறை தேவையே இல்லாமல் ஒரு புதுக் காயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரத்தைத் தரும் சுருள்) வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வராமலிருக்கவே இதை எழுதுகிறேன்.

பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1. கியரை நியூட்ரலில் வைத்து, ஹெட்லைட்டை ஒரு நொடி போட்டு, ஓடும் மின்சாரத்தின் அளவைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் வண்டியில் டிஸ்சார்ஜ் பக்கம், அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறுவதைக் காட்டும் பக்கம். இந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் (வண்டியின் உடலோடு இணைந்தது) என்பதால், இடையில் யாராவது வயரை மாற்றிப் போட்டிருந்தால் முள் தலைகீழாகக் காட்டும்.

படி 2. லைட்டை அணைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சுவிட்சை ஆன் செய்து, ஹேண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பெட்டி) திறந்து மூடும் தொடர்பு முனைகளான பிளாட்டினம் மூடும்போது முள் ஏறக்குறைய 4 ஆம்பியர் டிஸ்சார்ஜ் காட்ட வேண்டும். திறக்கும்போது சுழிக்குத் திரும்ப வேண்டும். காயிலின் முதன்மைச் சுற்றில் சுமார் 3 ஓம் தடை இருப்பதால், 12ஐ 3ஆல் வகுத்தால் வருவதே இந்த 4. முப்பது ஆம்பியர் வரை எண்கள் உள்ள மீட்டரில் இது மிகச் சிறிய அசைவு; பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியாது, கண்ணை நேர் எதிரே வைத்துப் பாருங்கள். பிளாட்டினம் மூடிய நிலையில் சுவிட்சை நெடுநேரம் ஆனில் விட்டால் காயில் சூடேறிவிடும்.

முள் ஒழுங்காக ஆடியும் தீப்பொறி வரவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் (உள்ளே சுழலும் துண்டு), அதன் மூடி, பிளக்குகளுக்குப் போகும் தடித்த வயர்கள், காயிலின் உயர் அழுத்தச் சுற்று ஆகியவற்றில் தேடுங்கள். தீப்பொறி மஞ்சளாகச் சோர்ந்து, பிளாட்டினத்தின் இடையில் பளிச்சென்று பொறி பறந்தால், பெரும்பாலும் பிளாட்டினத்தில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர்தான் பழுது.

முள் அசையாமல் சுழியிலேயே நின்றால், எங்கள் கடலோர ஈரத்தில் முதல் சந்தேகம் பிளாட்டினத்தில் படிந்த பூஞ்சான் போன்ற படலத்தின் மேல்தான். பிளாட்டினம் மூடிய நிலையில், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையை ஒரு துண்டு வயரால் எஞ்சின் உடலில் தொடுங்கள். முள் 4க்கு வந்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான். வராவிட்டால், காயிலின் சுவிட்ச் பக்க முனைக்கும் உடலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் பிடியுங்கள்: எரிந்தால் காயில் அறுந்திருக்கிறது, எரியாவிட்டால் சுவிட்சோ வயரோ. சுவிட்ச் பக்க முனையை மட்டும் தவறியும் உடலில் தொட்டுவிடாதீர்கள்; வயர் எரிந்துபோகும். மல்டிமீட்டரைவிட எனக்கு டெஸ்ட் லேம்ப்தான் பிடிக்கும், ஏனென்றால் துரு ஏறிய முனையில் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், விளக்கு மங்கலாக எரிந்து காட்டிக்கொடுக்கும். பிளாட்டினத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; மணல் துகள் அதில் பதிந்துவிடும். மெல்லிய அரம் போதும்.

நான் சறுக்கிய இடம் இனிதான். எஞ்சினை எவ்வளவு சுற்றினாலும் முள் 4லேயே நின்றது. மின்சாரம் ஓடுகிறதே, ஆகவே பழுது காயிலில்தான் என்று முடிவு செய்தேன். புதுக் காயிலிலும் முள் அதே இடத்தில் நின்றது. அந்த நிலைக்குப் பொருள், பிளாட்டினம் திறந்தாலும் மின்சாரம் வேறெங்கோ எர்த் ஆகிறது என்பதே. டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் காயிலிலிருந்து கழற்றினேன்; முள் சுழிக்கு வந்தது, ஆகவே காயில் குற்றமற்றது. வயரைத் திரும்ப மாட்டி, கல்யாணப் பத்திரிகையிலிருந்து விரல் நகம் அளவு அட்டையைக் கிழித்துப் பிளாட்டினத்தின் நடுவே செருகினேன். முள் விழுந்திருந்தால், பிளாட்டினம் திறக்கவே இல்லை, இடைவெளியைச் சரிசெய்தால் போதும் என்று பொருள். விழவில்லை. கண்டென்சர் வயரைக் கழற்றியும் விழவில்லை. கடைசியாகப் பிளாட்டினத்தின் ஸ்பிரிங் முனையைக் கழற்றியபோதுதான், அதற்கும் தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஃபைபர் வாஷர் இல்லாததைக் கண்டேன். முந்தைய வாரம் சுத்தம் செய்தபோது நானே கழற்றி, துடைத்த துணியோடு உதறியிருக்கிறேன். அது கிடைத்தது, ஒரு மிளகை நசுக்கியது போல, கொட்டகை மண்ணில்.

பின்சேர்க்கை: பாகூரிலிருந்து ஒருவர், தம் டீசல் டிராக்டரில் முள் ஆடவே இல்லை என்று கேட்டிருந்தார். டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது என்பதால் அதில் இச்சோதனை செல்லாது, டி.இ.20 வரிசையிலேயே டீசல் வண்டியும் வந்திருப்பதால் முதலில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளுங்கள். தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ வைத்த வண்டிகளும் பேட்டரியை நம்பித் தீப்பொறி தருவதில்லை, ஆகவே அவற்றிலும் முள் எதையும் சொல்லாது. செல்ஃபை அழுத்தியபடியே பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். செல்ஃபுக்குப் போகும் மின்சாரம் ஆம்மீட்டர் வழியாகப் போவதில்லை என்பதால் பார்க்கலாம். ஆனால் அந்த வேகத்தில் முள் ஏறி இறங்காமல், நடுவே நின்று நடுங்குவது மட்டுமே தெரியும்.