ஆத்துல ரோமன் காசு கெடச்சா என்ன பண்ணணும்? மொதல்ல கழுவாதீங்க

கரூர் பக்கம் அமராவதி ஆத்துல தண்ணி வத்துனா மணலை சலிச்சு பழைய காசு தேடுறது ரொம்ப காலமா நடக்குற விஷயம், அங்க சேரர் காசோட சேந்து ரோமன் காசும் வரும். மதுரைல வைகை மணல்லயும் பொடிப்பொடியா செம்புக் காசு நெறைய கெடச்சிருக்கு. கோயம்புத்தூர் பக்கத்துல வெள்ளலூர்ல 1842ல 522 வெள்ளிக் காசு, புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சில 1898ல 501 தங்கக் காசு, இதெல்லாம் மொத்தமா வந்த புதையல். மிளகு, முத்து, மெல்லிய துணி, பச்சைக்கல்லுன்னு நம்ம சரக்குக்காக கப்பல்ல வந்த பணம் இது, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமன் பணம்) இந்தியாவுக்கே போயிடுதுன்னு ரோமன் எழுத்தாளர் பிளினி அப்பவே புலம்பி எழுதி வச்சிருக்காரு. அதனால அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ உங்க கைல ஒன்னு வந்து மாட்டுறது நடக்காத காரியம் இல்ல, மாட்டுனா என்ன பண்ணணும்னு தெரிஞ்சு வச்சுக்கலாம்.

மொத வேலை, எதுவும் பண்ணாம இருக்கறது. கெடச்ச ஒடனே புளி, எலுமிச்சம்பழம், சபீனா, பல்லு வெளக்குற பிரஷ்னு ஆரம்பிச்சிடுவாங்க பாருங்க, அங்கதான் பாதிக் காசு சாகுது. செம்புக் காசு மேல இருக்குற பச்சை, பழுப்புப் படலம் அழுக்கு இல்ல, மண்ணுக்குள்ள அத்தன நூறு வருஷம் கெடந்ததுல உலோகமே மாறி வந்த தோல் அது, பல காசுல எழுத்தும் உருவமும் அந்தத் தோல்லதான் மிச்சம் இருக்கும், உள்ள இருக்குற செம்பு எப்பவோ அரிச்சுப் போயிருக்கும். தேச்சீங்கன்னா பளபளன்னு ஒரு மொட்டை வில்லை கைல நிக்கும். ஈர மண்ணு ஒட்டியிருந்தா நிழல்ல காய விடுங்க, தானா உதிர்றது உதிரட்டும், அதுக்கு மேல வேணாம். வெளிர் பச்சைல மாவு மாதிரி பொடி உதிர்ந்துச்சுன்னா அது வேற கேஸு, உப்பு உள்ள பூந்து செம்பை அரிச்சிட்டிருக்குன்னு அர்த்தம், அத மத்த காசுலேருந்து பிரிச்சு ஈரம் படாம வச்சு சீக்கிரமா மியூசியம் ஆளுங்க கிட்ட காட்டணும்.

ரெண்டாவது, எடத்தை குறிச்சு வைங்க. அந்த எடத்துலயே நின்னு மேப்ஸ்ல லொகேஷன் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, எவ்வளவு ஆழம், மண்ணு என்ன நெறம், கூட பானை ஓடு கெடந்துதா, அந்த ஓடு கருப்பு செவப்பு ரெண்டும் கலந்ததா, எல்லாத்தையும் போட்டோ புடிங்க. எங்க கெடச்சதுன்னு தெரியாத காசு வெறும் விக்கிற சரக்குதான், எடம் தெரிஞ்சா அது வரலாற்று ஆதாரம்.

இதுக்கு இங்கிலாந்துல நடந்த ஒரு கதைய சொல்லியே ஆகணும். டொமிஷியானஸ்னு ஒருத்தன், கி.பி. 271 வாக்குல கொஞ்ச நாள் தன்னையே பேரரசன்னு சொல்லிக்கிட்டு காசு அடிச்சவன். 1900ல பிரான்ஸ்ல அவன் பேரு போட்ட ஒரு காசு கெடச்சது, ஆனா இப்படி ஒரு பேரரசனே இல்ல, இது போலின்னு நெறைய அறிஞருங்க தள்ளிவிட்டாங்க. அப்புறம் 2003ல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல சால்குரோவ்ங்கிற ஊர்ல மெட்டல் டிடெக்டர் வச்சுத் தேடுன ஒருத்தருக்கு ஒரு பானை கெடச்சது, உள்ள சுமார் 5,000 காசு, துருப்புடிச்சு ஒன்னோட ஒன்னு ஒட்டி ஒரே கட்டியா கெடந்துச்சு. அவரு அத ஒடச்சுப் பாக்காம அப்படியே ஒப்படைச்சாரு, பிரிட்டிஷ் மியூசியத்துல பொறுமையா பிரிச்சா உள்ளேருந்து ரெண்டாவது டொமிஷியானஸ் காசு வெளிய வருது, அதுவும் பிரான்ஸ் காசு அடிச்ச அதே அச்சுல அடிச்சது! போலின்னு தூக்கிப் போட்ட காசும் அதோட உண்மையாயிடுச்சு. இத்தனைக்கும் அது தங்கம் கூட இல்ல, மட்டமான கலப்பு உலோகம். இதே காசு தனியா, கழுவித் தொடச்சு, யாரோ கடைல வித்திருந்தா ரெண்டாவது போலின்னுதான் சொல்லியிருப்பாங்க. அதனால பானையோ கட்டியோ கெடச்சா கொட்டாதீங்க, ஒடைக்காதீங்க, மண்ணோட அப்படியே விட்டு மூடிட்டு தகவல் சொல்லுங்க.

சரி, கெடச்சது ரோமன்தானான்னு எப்படி பாக்குறது? மொதல்ல நம்பரைத் தேடுங்க, 1835, 1862ன்னு வருஷம் போட்டிருந்தா கண்டிப்பா ரோமன் கெடையாது, கம்பெனி காசாவோ ராணி காசாவோ இருக்கும். நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கம் வி, ஓ, சி மூணும் பின்னுன முத்திரையோட செம்புக் காசு வரும், அது டச்சுக்காரன் கம்பெனி, நம்ம வ.உ.சி. இல்ல.

வருஷம் இல்லன்னா, ஜன்னல் ஓரமா வச்சு வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி சாய்ச்சுப் பாருங்க, இல்ல ராத்திரில டார்ச்ச தரையோட ஒட்டிப் புடிங்க, நேரா அடிக்கிற ஃப்ளாஷ்ல தெரியாத எழுத்தெல்லாம் எந்திரிச்சு நிக்கும். பக்கவாட்டு முகம், தலைல இலை மாலை, அதோட நாடா முடிச்சு பின்கழுத்துல தொங்கும், சுத்தி பெரிய எழுத்துல பேரு, அகஸ்டஸ்ங்கிற பேரரசன் பேருல யூ வர வேண்டிய எடத்துல எல்லாம் வி தான் இருக்கும். நம்ம ஊர் புதையல்ல அதிகமா வர்றது ரெண்டு வெள்ளிக் காசு. ஒன்னு அகஸ்டஸ், திருப்பிப் பாத்தா ரெண்டு இளவரசனுங்க நிப்பாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும். இன்னொன்னு அவனுக்கு அடுத்து வந்த பேரரசன் டைபீரியஸ், பின்னாடி ஒரு பொம்பளை நாற்காலில உக்காந்து ஒரு கைல செங்கோல், ஒரு கைல கிளை வச்சிருப்பா. எடை 4 கிராமுக்கு கொஞ்சம் கம்மி, இப்ப இருக்குற ஒரு ரூபாயை விட கொஞ்சம் சின்னது. அதே காலத்து தங்கக் காசுன்னா 8 கிராமுக்கு ஒரு துளி கம்மி, பேரரசன் நீரோ எடைய கொறச்ச பிறகு 7.3 கிராம் வாக்குல இருக்கும்.

வைகைல வர்ற செம்புக் காசு பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், பின்னாடி சிலுவை, நிக்கிற சிப்பாய், குதிரைலேருந்து விழுறவன்னு ஏதாவது தெரியும். இலங்கைலயும் இது குவியல் குவியலா கெடச்சிருக்கு, பத்தாம அங்கயே நகலும் அடிச்சிருக்காங்க, எழுத்து இருக்க வேண்டிய எடத்துல வெறும் கோடும் புள்ளியுமா இருக்கும். அத போலின்னு எறிஞ்சிடாதீங்க, அதுவும் பழசுதான்.

இன்னொன்னு, தலை இருந்தா மட்டும் ரோமன்னு முடிவு பண்ண முடியாது. மாக்கோதைன்னு தமிழ் பிராமில பேரு போட்ட சேரர் வெள்ளிக் காசுல இருக்குற தலை ரோமன் பாணிலயே இருக்கும். எனக்கு ரெண்டுல ஒன்னு கெடைக்கும்னா நான் மாக்கோதையைத்தான் கேப்பேன்.

முகத்துக்கு குறுக்க உளியால வெட்டுன கோடு இருந்தா கெட்டுப்போன காசுன்னு நெனைக்காதீங்க. புதுக்கோட்டை புதையல்ல பெரும்பாலான காசுல அந்த வெட்டு இருக்கு. உள்ள செம்பு வச்சு ஏமாத்துறாங்களான்னு பாக்க வெட்டுனாங்கன்னு சிலரு, இனிமே இது காசா ஓடக்கூடாது வெறும் தங்கம்தான்னு காட்ட வெட்டுனாங்கன்னு சிலரு, சண்டை இன்னும் முடியல. ஓட்டை போட்டு வளையம் வச்சிருந்தாலும் அப்படித்தான், நகையா மாட்டிக்கிட்டாங்க.

போலிய பாக்க வெளிம்பைப் பாருங்க. அச்சுல ஊத்துன காசுக்கு வெளிம்பு சுத்தி மெல்லிசா ஒரு தையல் கோடு ஓடும், லென்ஸ்ல பாத்தா மேல குட்டிக் குட்டி குமிழி ஓட்டை, எழுத்தெல்லாம் கரைஞ்ச மாதிரி மழுங்கியிருக்கும். நெஜக் காசு சுத்தியலால அடிச்சது, அதனால முழு வட்டமா இருக்காது, தலை நடுவுல கூட இருக்காது, ஓரத்துல சின்ன வெடிப்பு இருந்தா அது நல்ல அறிகுறி.

எடை பாக்க நகைக்கடைக்குப் போகலாம், ஆனா கைய விட்டு குடுக்காதீங்க. பழக்க தோஷத்துல ஒரு இழுப்பு ஒரைகல்லுல இழுத்துட்டாருன்னா, ஆசிட் ஒரு சொட்டு விட்டாருன்னா போச்சு. உருக்கி தரட்டுமான்னு கேக்குற ஆளும் உண்டு. எது எந்த காசுன்னு தேட, ஆன்லைன் காயின்ஸ் ஆஃப் த ரோமன் எம்பயர்னு அமெரிக்க நாணயவியல் சங்கத்தோட தளம் இருக்கு, இலவசம், பேரரசன் பேரு, பின்பக்க உருவம் குடுத்தா படத்தோட காட்டும்.

இப்ப சட்டம். 1878ஆம் வருஷ புதையல் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு. மண்ணுல பொதஞ்சு கெடந்தது மதிப்பு 10 ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும், என்ன பொருள், எவ்வளவு மதிப்பு இருக்கலாம், எந்த எடம், எந்த தேதி. கூடவே அரசு கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்ல கேக்கும்போது கொண்டாந்து காட்டுறேன்னு ஜாமீன் குடுக்கணும். மறைச்சா உங்க பங்கு அரசுக்குப் போயிடும், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ ரெண்டுமோ வரலாம். சொல்லிட்டா மொத்தமா புடுங்கிக்குவாங்கன்னு பயப்படுறாங்க, சட்டம் அப்படி சொல்லல. வேற யாரும் உரிமை கொண்டாடலன்னா, எடத்துக்காரரோட முன்கூட்டி ஒப்பந்தமும் இல்லன்னா, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, எடத்துக்காரருக்கு கால் பங்கு. அரசே எடுத்துக்கிட்டா உலோகத்தோட மதிப்பும் அதுல அஞ்சுல ஒரு பங்கும் சேத்து தரணும். ஒரு அபூர்வ காசுக்கு உலோக மதிப்பும் இருபது சதவீதமும்ங்கிறது என்னைப் பொறுத்தவரை அநியாயம்தான், ஜனங்க மறைக்கிறதுக்கு பாதிக் காரணம் அதுதான், ஆனா சட்டம் இப்போதைக்கு அதுதான்.

வெளிநாட்டுக்காரன் கிட்ட ஆன்லைன்ல வித்துடலாம்னு யோசிச்சா, 1972ஆம் வருஷ தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான எதையும் தனியாளுங்க நாட்ட விட்டு அனுப்பக் கூடாது. உங்க காசுக்கு பல லட்சம் தர்றோம், மொதல்ல ஜிஎஸ்டிக்கு பணம் கட்டுங்கன்னு போன் வந்தா கட் பண்ணுங்க. பழைய காசு விக்கித் தர்றோம்னு தன் பேரச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021ல எச்சரிக்கை விட்டுச்சு.

கலெக்டருக்கு மனு குடுக்குற வரைக்கும் காசை காகித உறைல போட்டு, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்னு வைங்க. ஆல்பத்துல வர்ற மெத்துன்னு இருக்குற பிவிசி கவர் வேணாம், அது நாளாக நாளாக ஒரு பசை கக்கி காசையே அரிக்கும். மனுல ரெண்டு பக்க போட்டோ, ஸ்கேல் வச்சு எடுத்தது, எடை, லொகேஷன் எல்லாம் சேத்து ரெண்டு காப்பி எடுங்க, ஒன்ன குடுத்துட்டு இன்னொன்னுல தேதியோட சீல் வாங்கிட்டுத்தான் ஆபீஸ விட்டு கெளம்பணும்.