நாட்டுப்புறக் கவுண்டியில் வீடு கட்டும் முன்: உயர வரம்பை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் நகர எல்லைக்கு வெளியே சில ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்ட விரும்புவோருக்கு, அக்கம்பக்கத்தில் வீடே இல்லாத இடத்தில் உயரத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அத்தகைய நிலமும் பெரும்பாலும் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மண்டல விதிகளுக்கு உட்பட்டதே. கட்டடங்களின் பயன்பாட்டையும் உயரத்தையும் இவ்வாறு வரையறுப்பது செல்லும் என்று 1926ஆம் ஆண்டிலேயே ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் டெக்சாஸில் பெரும்பாலான கவுண்டிகளுக்கு இந்த அதிகாரம் இல்லை. அங்கே கிரயப் பத்திரத்தோடு வரும் கட்டுப்பாடுகளைப் படிக்க வேண்டும்.

வீடுகளுக்கு 35 அடி என்ற வரம்பைப் பல கவுண்டிகளில் காணலாம். இந்த எண்ணை மட்டும் கேட்டறிந்து வரைபடத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எங்கிருந்து எதுவரை அளக்கிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டியது. சில கவுண்டிகள் கூரையின் முகடு வரை அளக்கும். வேறு சில, சரிவுக் கூரையின் இறவாரத்துக்கும் (கீழ்விளிம்பு) முகட்டுக்கும் நடுப்புள்ளி வரை மட்டுமே அளக்கும். இறவாரம் 24 அடியிலும் முகடு 40 அடியிலும் உள்ள ஒரு வீடு, நடுப்புள்ளிக் கணக்கில் 32 அடியாகி விதிக்குள் அடங்கும்; முகட்டுக் கணக்கில் அதே வீடு 5 அடி மிகையாகிவிடும்.

அளவு தொடங்கும் கீழ்முனையில்தான் சிக்கல் அதிகம். சரிவான நிலத்தில் முன்புறம் இரண்டு மாடியாகத் தெரியும் வீடு, பேஸ்மென்ட் வெளியே திறக்கும் பின்புறத்தில் மூன்று மாடியாக நிற்கும் என்பதால், வீட்டைச் சுற்றியுள்ள தரைமட்டத்தின் சராசரியிலிருந்து அளக்கும் கவுண்டிக்கும் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளக்கும் கவுண்டிக்கும் இடையே விடை பெரிதும் மாறும். மண் கொட்டித் தரையை உயர்த்திச் சமாளிக்கலாம் என்று ஒப்பந்ததாரர் சொன்னால், விதியில் உள்ளது இயற்கைத் தரைமட்டமா, முடிக்கப்பட்ட தரைமட்டமா என்று பாருங்கள். முன்னதாயின், நிரப்பிய மண்ணும் உயரத்தோடு சேர்ந்துவிடும்.

புகைபோக்கி, தானிய சைலோ, உழவுக்கு மட்டுமே பயன்படும் கொட்டகை ஆகியவற்றுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டைக் கொட்டகை என்று பெயரிட்டு அந்த விலக்கைப் பெற முடியாது.

வரம்பை மீற வேரியன்ஸ் எனப்படும் தனி அனுமதியைக் கோரலாம். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்பிப் பொது விசாரணை நடக்கும். நிலத்தின் அமைப்பே இடையூறாக இருப்பதைக் காட்ட வேண்டும். உயரமான கூடம் வேண்டும் என்ற விருப்பம் அதற்குப் போதாது. சில கவுண்டிகளில் எல்லையிலிருந்து கூடுதலாக செட்பேக் (காலி இடம்) விட்டால் கூடுதல் உயரம் அனுமதிக்கப்படுகிறது. நிலம் பெரிதாக இருந்தால் இதுவே எளிய வழி.

கோயில் கட்ட நிலம் தேடும் அமைப்பினர் தேவாலயக் கூம்புகளுக்கு உள்ள விலக்கைத் தேடிப் படிக்க வேண்டும். வழிபாட்டிடங்களுக்கு இடையே பாகுபாடு காட்டும் நில விதிகளை 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. ஆகவே அந்த விலக்கு ராஜகோபுரத்துக்கும் பொருந்துமா என்று கவுண்டித் திட்ட அலுவலகத்திடம் கேட்டு, நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் விடை பெறுங்கள்.