சான் ஃபிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையைப் படிப்பது எப்படி? முதல்முறை படிப்பவர்களுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1951-இல் நேச நாடுகள் ஜப்பானோடு செய்துகொண்ட உடன்படிக்கையை மூலத்திலேயே படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொத்தம் 27 ஷரத்துகள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எந்த வரிசையில் படிப்பது என்று பிடிபடாமல் நான் மூன்று வாரம் திணறினேன்.

ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பின் 136-ஆம் தொகுதியில் முழு வாசகமும் இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருப்பதால் திரை சரிப்படாது. கூடவே சிவப்பு, நீலப் பென்சில்களும், போருக்கு முந்தைய கிழக்காசிய வரைபடம் ஒன்றும் வேண்டும். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 1: கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்

கையெழுத்துகளை முதலில் பாருங்கள். மாநாட்டில் இருந்தவை 52 நாடுகள். ஜப்பானையும் சேர்த்து 49 நாடுகள் கையெழுத்திட்டன. சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் மறுத்துவிட்டன. சீனாவின் பெயரே இருக்காது. அப்போது சீனாவுக்கு இரண்டு அரசுகள் உரிமை கோரின. பெய்ஜிங்கின் கம்யூனிஸ்ட் அரசை பிரிட்டன் 1950-இலேயே அங்கீகரித்துவிட்டது. அமெரிக்காவோ தைவானுக்குப் பின்வாங்கிய தைப்பே அரசின் பக்கம் நின்றது. யாரை அழைப்பது என்பதில் ஒத்துப்போகாததால் இரண்டு பேரையுமே அழைக்கவில்லை. ஜப்பானோடு மிக நீண்ட காலம் போரிட்ட நாடு இல்லாமலேயே சமாதானம் எழுதப்பட்டது.

படி 2: ஷரத்து 2

நான் தடுக்கி நின்றது இங்கேதான். கொரியா, ஃபார்மோசா என்ற தைவான், அதை ஒட்டிய பெஸ்கடோர்ஸ் தீவுகள், ஜப்பானுக்கு வடக்கே உள்ள குரில் தீவுகள், தெற்கு சகாலின் ஆகியவற்றின் மீதான உரிமையை ஜப்பான் துறக்கிறது. சரி, யாருக்குப் போகின்றன? ஏதோ பக்கம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அடுத்தடுத்த ஷரத்துகளிலெல்லாம் தேடினேன்.

தேட வேண்டாம். கொரியாவின் சுதந்திரத்தை ஜப்பான் ஏற்கிறது என்று தெளிவாக இருக்கிறது. தைவானும் குரிலும் யாருக்கு என்று எங்கும் எழுதவே இல்லை. 1947-இல் இத்தாலியோடு செய்த உடன்படிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோடெகனீஸ் தீவுகளை இத்தாலி கிரீஸுக்கு அளிக்கிறது என்று அதில் நேராகவே சொல்லியிருக்கிறது. அங்கே கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் உண்டு. இங்கே விடுபவர் மட்டும்தான். வெற்றி பெற்றவர்களுக்குள் உடன்பாடு வராத இடம் அப்படியே வெற்றிடமாக நிற்கிறது. 'துறக்கிறது' என்று வரும் இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். பெறுபவர் பெயர் இல்லாவிட்டால் பக்கத்தில் நீலத்தில் ஒரு வட்டம். குரில் என்றால் எந்தெந்தத் தீவுகள் என்றுகூட வாசகம் சொல்லாததால், அதற்கு இரண்டு வட்டம்.

படி 3: ஷரத்து 3, 6

இவற்றைச் சேர்த்துப் படியுங்கள். ஷரத்து 3 ஒகினாவா உள்ளிட்ட தெற்குத் தீவுகளைப் பற்றியது, ஷரத்து 6 ஜப்பானில் அந்நியப் படைகள் விலகுவதையும் தங்குவதையும் பற்றியது. ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது, 1972-இல்தான் திரும்பியது. அமெரிக்க ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்த உடன்படிக்கை கையெழுத்தான அதே 1951 செப்டம்பர் 8-இல், அதே ஊரில் கையெழுத்தானதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஷரத்து 14, இழப்பீடு

ஜப்பான் இழப்பீடு தர வேண்டும், ஆனால் முழுமையாகத் தரும் அளவுக்கு அதனிடம் வளம் இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இலங்கைப் பிரதிநிதி ஜே.ஆர். ஜயவர்தன, பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இழப்பீடே வேண்டாம் என்றார். பிலிப்பைன்ஸின் நிலை வேறு, அங்கே நடந்த அழிவு அப்படி. கையெழுத்திட்டும், 55 கோடி டாலர் இழப்பீடு உறுதியான 1956-இல்தான் அது ஏற்புறுதி, அதாவது உடன்படிக்கைக்கு இறுதி ஒப்புதல், கொடுத்தது. கையெழுத்தும் ஏற்புறுதியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பின்சேர்க்கை: கையெழுத்திட்டவர்கள் பட்டியலில் இந்தியாவைக் காணவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்கப் படை தொடர்ந்து இருப்பது, ஒகினாவா, தைவான் ஆகிய விஷயங்களில் ஆட்சேபம் தெரிவித்து நேரு அரசு மாநாட்டுக்கே போகவில்லை. 1952 ஜூன் 9-இல் ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்து, அதில் இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தது. தனி உடன்படிக்கைகளுக்கு வழிவிடும் ஷரத்து 26-ஐயும் அதனால் படித்துவிடுங்கள். அப்புறம் 1956-ஆம் ஆண்டு சோவியத் ஜப்பான் கூட்டுப் பிரகடனத்தை எடுங்கள். போர்நிலை அதோடு முடிந்தது. சமாதான உடன்படிக்கை மட்டும் கைகூடவில்லை. காரணம், நீங்கள் இரண்டு வட்டம் போட்டு வைத்திருக்கும் அந்தத் தீவுகள்தான்.