நக்கிளில் வடியும் கறுப்புக் கூழ்: பழைய ஹைலக்ஸின் முன் அக்சலை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவது

முன் சக்கரத்தின் உட்புறம் ஒரு பெரிய இரும்புப் பந்து தெரியும். அதைக் கவ்விக்கொண்டு சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் இரும்புக் கூடுதான் நக்கிள். பந்தைச் சுற்றி ஒயிலும் இல்லாமல் கிறீஸும் இல்லாமல் கறுப்பாக ஒரு கூழ் வடிந்து, டயரின் உள் ஓரம்வரை தெறித்திருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். என்னிடம் இருப்பது எல்என்106 ரக டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப். முன்னாலும் ஸ்பிரிங் பட்டைகளில் உட்கார்ந்த முழு அக்சல். பழைய லேண்ட் குரூசர்களிலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் பிந்திய கெப்களுக்கு இது பொருந்தாது.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025இல் மறுபடி திறக்கும்வரை, இருக்கிற வண்டியைக் கட்டிக்காப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழி இருக்கவில்லை. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழைய கெப்பின் மேல் பாசம் கூடத்தான் செய்கிறது.

கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் நடப்பது இது: பந்தைத் துடைக்கும் வெளிச் சீலை ஓரிடத்தில் வெட்டி, நக்கிளைக் கழற்றாமலேயே சுற்றி மாட்டி, "சரி, போங்க" என்பார்கள். மூன்று மாதத்தில் மறுபடி வடியும். ஏனென்றால் வெளிச் சீல் ஒயிலைத் தடுக்கச் செய்யப்பட்டதே அல்ல. தூசியையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவதும், கெட்டியான கிறீஸை உள்ளே வைத்திருப்பதும்தான் அதன் வேலை. அக்சலின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலின் ஒயில் நக்கிளுக்குள் வராமல் தடுப்பது அக்சல் குழாயின் முனையில், பந்துக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உள் சீல். அது தேய்ந்தால் ஒயில் நக்கிளுக்குள் வந்து, கிறீஸைக் கரைத்து, வெளிச் சீல் வழியே ஒழுகும். ஆகவே உள் சீலை மாற்றாமல் செய்கிற எந்த வேலையும் காசுக்குக் கேடு.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அக்சலின் மேலுள்ள மூச்சுக்குழாய். ஓடும்போது அக்சல் சூடாகி உள்ளே காற்று விரியும். போக வழி இல்லையென்றால் அது ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளும். சேற்றில் அடைபட்ட மூச்சுக்குழாயோடு புதுச் சீல் போட்டால் அதுவும் ஒழுகும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பாருங்கள்.

அப்புறம் ஆட்டம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். தட்டுப்பட்டால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்த வேலைக்கு அக்காவின் மகன் இருக்கிறான், "மாமா, அமுக்கவா?" என்று கேட்டபடி போனிலேயே கண். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பழுது சக்கரப் பெயாரிங்கில். நிற்காவிட்டால் நக்கிளின் மேல் கீழ்ப் பெயாரிங்கில். ஃபோர் வீல் போட்டு முழுதாக வளைத்து ஓட்டும்போது டக் டக் என்றால் உள்ளே இருக்கும் சிவி ஜொயின்ட் (சக்கரம் திரும்பினாலும் அதைச் சுழற்றும் மூட்டு) போய்விட்டது.

சாமான்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைதான். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) பெரும்பாலான கடைகள் பூட்டு என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டுத்தான் ஸ்பெனரைத் தொட வேண்டும். "உள் சீல் மட்டும் தாங்க நானா" என்றேன். "கிட்டாவே எடுங்க தம்பி, கழட்டினதுக்குப் பிறகு திரும்ப வருவீங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரி. ஒரு பக்கத்துக்கு உள் சீல், வெளிச் சீல் தொகுதி (ஃபெல்ட், ரப்பர், இரும்பு வளையம்), கேஸ்கெட்டுகள், நக்கிள் பெயாரிங் இரண்டு, ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பின் சீல், நாக்கு மடிக்கும் பூட்டு வொஷர் ஆகியவை வேண்டும். சக்கரப் பெயாரிங் நன்றாக இருந்தால் கழுவி மறுபடி போடலாம். பெயாரிங்கிலும் சீலிலும் மலிவு பார்க்க வேண்டாம். பெட்டியின் அச்சை மட்டும் நம்பாமல், பெயாரிங்கின் மேலேயே வெட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். போலிகளில் அது மங்கலாக, கோணலாக இருக்கும்.

கருவிகளில் அவசியமானவை 54 மில்லிமீற்றர் சொக்கெட், டோர்க் ரெஞ்ச், பித்தளைத் துண்டு ஒன்று, மீன் நிறுக்கிற விற்றராசு. உளியால் ஹப் நட்டைத் தட்டிக் கழற்றுகிற பழக்கம் நம்மூரில் பரவலாக உண்டு. அந்த நட்டின் மூலைகளைப் பார்த்தாலே எத்தனை பேர் கைபட்ட வண்டி என்று தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் சமதரை கிடைப்பது கஷ்டம். நான் கேட்டுக்கு உள்ளே, சீமெந்துத் தரையில் செய்கிறேன். பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, ஹேண்ட் பிரேக், அக்சல் குழாயின் கீழ் இரும்பு ஸ்டாண்ட். ஜக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள், கல் அடுக்கியும் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எது எப்படி இருந்தது என்று குழம்பினால் பார்க்க மறுபக்கம் அப்படியே இருக்கும்.

முதலில் டிஃபரன்ஷல் ஒயிலை வடியுங்கள். பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மழைக்கு வீதிகளில் முழங்கால் வெள்ளம் நிற்கும் ஊரில் இது அபூர்வமல்ல. சூடான அக்சல் தண்ணீரில் இறங்கும்போது சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல்கள் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

சக்கரத்தையும் கெலிபரையும் கழற்றுங்கள். கெலிபரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். ஃபோர் வீலுக்குச் சக்கரத்தை அக்சலோடு பூட்டும் லொக் ஹப்பின் மூடியைத் திறந்தால் அக்சல் தண்டின் முனையில் ஒரு சேர்க்லிப் (பிளவுள்ள வளையக் கிளிப்). அது போனதும் ஹப் உடலின் நட்டுகள். அவற்றின் கீழ் பிளவுபட்ட கூம்பு வொஷர்கள் இருக்கும், இழுத்தால் வராது. நட்டை ஸ்டட்டின் முனைவரை தளர்த்தி, பித்தளையை வைத்து ஸ்டட்டின் தலையில் நல்ல அடி கொடுங்கள், தானாகத் துள்ளி வெளியே வரும். ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் கூம்புதான் கெடும். பிறகு பூட்டு வொஷரின் நாக்கை நிமிர்த்தி, 54 சொக்கெட்டால் இரண்டு நட்டுகளையும் எடுத்தால் ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து வரும். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஹப் உட்கார்ந்திருந்த குழாயான ஸ்பிண்டில். எட்டு போல்ட்டைக் கழற்றி மரச்சுத்தியலால் சுற்றித் தட்டினால் விடுபடும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கூழ் கொட்டும், தட்டு வையுங்கள். அக்சல் தண்டின் தட்டையான பக்கத்தை மேலே திருப்பினால்தான் சிவி ஜொயின்ட்டோடு நக்கிள் வழியே வெளியே வரும்.

நக்கிளின் மேல் கீழ் மூடிகளைக் கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு மூடியின் கீழும் மெல்லிய சிம் தகடுகள் இருக்கும். அவைதான் நக்கிளைப் பந்தின் நடுவில் நிறுத்துகின்றன, பெயாரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கின்றன. மேல், கீழ், இடம், வலம் என்று எழுதிய தனித்தனி யோகட் கோப்பைகளில் போட்டு வையுங்கள். கலந்துவிட்டால் அளவெடுக்க விசேஷக் கருவி தேவைப்படும்.

இனி வருவது வேலையின் பாதி: கழுவுவது. பெற்றோல் வேண்டாம், மண்ணெண்ணெய் காணும். பந்துக்குள், நக்கிளுக்குள், அக்சல் குழாயின் வாயில் பழைய கூழ் ஒரு துளியும் மிஞ்சக்கூடாது. பந்தின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். கடல்காற்றில் நிற்கும் வண்டி, துரு பிடித்துச் சிறு குழிகள் இருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்காவிட்டால் புது வெளிச் சீலை அது அரம்போல் அராவிவிடும்.

புது உள் சீலை அதே அளவுள்ள ஒரு சொக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள், உதட்டில் கிறீஸ் பூசுங்கள். நக்கிள் பெயாரிங்கின் வெளி வளையங்களையும் மாற்றுங்கள். அக்சல் தண்டும் வெளிச் சீலும் இல்லாமல் நக்கிளைப் பூட்டி, மூடிகளின் நட்டுகளை 96 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். விற்றராசை டை ரொட் (இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் தண்டு) மாட்டும் துளையில் மாட்டி, அந்தக் கைக்குச் செங்கோணத்தில், கிடையாக இழுங்கள். நக்கிள் திரும்பத் தொடங்கும்போது 3 முதல் 6 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு சிம்மைக் குறைக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். "கைக்குத் தெரியும்" என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் இதைச் செய்வதே இல்லை. அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

சிவி ஜொயின்ட்டுக்கு மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ். விரலால் அழுத்தி, குண்டுகளுக்கு இடையில் மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். நக்கிளின் முக்கால் பங்கையும் அதே கிறீஸால் நிரப்புங்கள். இனி இந்த வேலையிலேயே பதற்றமான கட்டம்: அக்சல் தண்டை உள்ளே விடுவது. தண்டின் முனையிலுள்ள பற்கள் புதுச் சீலின் உதட்டில் உரசினால் இத்தனை பாடும் வீண். ஒரு கையால் தண்டின் பாரத்தைத் தூக்கிப் பிடித்து, சீலின் நடுவே நிதானமாகச் செலுத்தி, டிஃபரன்ஷல் பல்லில் பொருந்தும்வரை மெல்லத் திருப்புங்கள். இந்த நேரத்தில் ஒழுங்கையால் போகிற எல்லாரும் நின்று யோசனை சொல்வார்கள். பதில் சொல்லாதீர்கள்.

சக்கரப் பெயாரிங்கிலும் விற்றராசுதான். உள் நட்டை 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் பலமுறை சுற்றி, கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சக்கர போல்ட் ஒன்றில் தராசை மாட்டி இழுத்தால் 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் ஹப் நகரத் தொடங்க வேண்டும். பூட்டு வொஷர், வெளி நட்டு போட்டு இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், வெளி நட்டு இறுக்கத்தை மாற்றிவிடும். அளவு சரியென்றால் நாக்கை ஒன்று உள்ளே, ஒன்று வெளியே மடியுங்கள்.

மற்றதெல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ். டிஃபரன்ஷலுக்கு ஜீஎல்-5 தரத்தில் 90 கியர் ஒயில், வண்டி சமதரையில் நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்புவரை. கழிவு ஒயிலை வடிகானில் ஊற்றாமல் கேனில் பிடித்து சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

காலி வீதி வழியே தெஹிவளைவரை ஓட்டிப் போய் நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் பெயாரிங் இறுக்கம். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு நக்கிள் மூடிகளின் நட்டுகளை மறுபடி 96க்குச் சரிபாருங்கள். இந்த அக்சலில் தளரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு, ஸ்டியரிங் நக்கிளைத் திருப்பும் இரும்புக் கையைப் பிடித்திருப்பதும் அவைதான். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தளர்ந்ததா இல்லையா என்று தெரியும்.